இரட்சணிய யாத்திரிகமும் சுவிசேஷ விசுவாசத்தின் அடிப்படைக் கோட்பாடுகளும்

இரட்சணிய யாத்திரிகம், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய கிறித்தவப் பெருங்காப்பியம் ஆகும். நற்போதகம் என்னும் மாத இதழில் பல ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894ஆம் ஆண்டு மே மாதம் நூல் வடிவம் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'தி பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' என்னும் உரைநடை நூலின் வழிநூல். தமிழ்க் கிறித்தவர்கள் அம்மூல நூலை 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் அறிவர்.

இவ்வளவு செய்தியும் எந்த இலக்கிய வரலாற்று நூலிலும் கிடைக்கும். 'ஆசிரியர் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்படுகிறார்' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அந்நூல்கள் அடுத்த புலவருக்குச் சென்றுவிடும். தேர்வுக்கு அது போதும். காப்பியத்தைப் படிக்க அது போதாது. ஏனெனில் இது வாழ்க்கைக் கதை சொல்லும் காப்பியம் அன்று. புராட்டஸ்டாண்டு கிறித்தவத்தில் சுவிசேஷப் பிரிவினர் உயிராகக் கருதும் சில கோட்பாடுகளே இதில் ஊராகவும் வழியாகவும் மலையாகவும் மனிதராகவும் உருவெடுத்து நடமாடுகின்றன. அக்கோட்பாடுகளைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால், ஒருவன் ஏன் ஊரைவிட்டு ஓடுகிறான் என்பதே விளங்காது.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இக்காப்பியத்தின் ஒரு பகுதி இடம்பெற்றது. இயேசுவைக் கட்டி, இகழ்ந்து, துன்புறுத்தும் காட்சி அது. மாணவர்கள் அதைப் படித்துவிட்டு, 'பகைவரிடத்தும் பொறுமை காட்ட வேண்டும் என்பது இப்பகுதியின் கருத்து' என்று விடை எழுதுவார்கள். நாமும் மதிப்பெண் வழங்குவோம். விடை தவறன்று, ஆனால் பாதி விடை. மீதிப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

சுவிசேஷ விசுவாசம் என்பது என்ன?

'சுவிசேஷம்' என்றால் நற்செய்தி. எல்லாக் கிறித்தவர்களும் நற்செய்தியை ஏற்பவர்களே. எனினும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு முதலியோர் எழுப்பிய எழுச்சிக்குப் பின், இச்சொல் ஒரு குறிப்பிட்ட விசுவாச முறைக்குப் பெயராக நிலைத்தது. டேவிட் பெபிங்டன் என்னும் பிரித்தானிய வரலாற்றாசிரியர் 1989இல் வெளியிட்ட நூலில் அம்முறைக்கு நான்கு அடையாளங்கள் கூறினார். வேதாகமமே இறுதி அதிகாரம். சிலுவை மரணமே மீட்பின் மையம். ஒவ்வொருவரும் தனித்தனியே மனந்திரும்ப வேண்டும். விசுவாசம் செயலில், குறிப்பாக நற்செய்தி அறிவிப்பில் வெளிப்பட வேண்டும். இந்த நான்கும் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் வரையறை.

பனியன் (1628–1688) இந்த எழுச்சிக்கு முற்பட்டவர். பெட்ஃபோர்டு நகரை அடுத்த ஊரில் பாத்திரம் பழுது பார்க்கும் தொழில் செய்தவர். அரசு உரிமம் இன்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவர் பியூரிட்டன் மரபினர். ஆனால் அவருடைய நூலைப் பின்வந்த சுவிசேஷக் கிறித்தவர்கள் வேதாகமத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் படித்தார்கள். மிஷனரிகள் சென்ற நாடுகளிலெல்லாம் அதுவும் சென்றது. தமிழுக்கும் அப்படித்தான் வந்தது.

பெபிங்டனின் நான்கு அடையாளங்களும் பனியனின் முதற்காட்சியிலேயே தென்படுகின்றன. கந்தல் உடுத்த ஒருவன் தன் வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கையில் ஒரு புத்தகம், முதுகில் பெரிய சுமை. புத்தகத்தைப் படிக்கிறான், நடுங்குகிறான், நான் என்ன செய்வேன் என்று கதறுகிறான். புத்தகம்தான் அவனுக்குச் சுமையை உணர்த்துகிறது. ஊரில் வேறு எவருக்கும் தம் முதுகில் சுமை இருப்பதாகவே தெரியவில்லை. மனைவி மக்கள் அழைக்க அழைக்க, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இந்த ஓட்டம் பல வாசகர்களுக்கு உறுத்தலாகவே இருந்திருக்கும். பனியனே 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திச் சென்றார்.

சுமையும் வினையும்

தமிழ் மாணவர் ஒருவர் இந்தச் சுமையைப் பார்த்தவுடன் 'இது வினை' என்று எண்ணுவது இயல்பு. முற்பிறவியில் செய்தது மூட்டையாகக் கூட வருகிறது என்ற எண்ணம் நம் இலக்கியம் முழுவதும் ஊறியிருக்கிறது. சிலப்பதிகாரமே ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதை நிறுவப் பிறந்த காப்பியம்தான். ஆனால் இரட்சணிய யாத்திரிகத்தின் சுமை வேறு வகையானது.

வினையை அதற்கு உரியவரே நுகர்ந்து கழிக்க வேண்டும், அல்லது இறையருளால் அது அறுபட வேண்டும். சுவிசேஷ விசுவாசத்தில் பாவம் என்பது ஒரு நீதிபதிக்கு முன் நிற்கும் குற்றம். அக்குற்றத்துக்குத் தண்டனை உண்டு. நன்மை செய்து அதைச் சரிக்கட்ட முடியாது. கொலை செய்தவன் பத்துப் பேருக்குச் சோறு போட்டாலும் நீதிமன்றத்தில் வழக்கு அப்படியேதான் இருக்கும் அல்லவா? பனியன் இதை ஒரு மலைக் காட்சியாக்குகிறார். உலக ஞானம் பேசும் ஒருவன், பயணியிடம், 'ஒழுக்கம் என்னும் சிற்றூரில் நியாயப்பிரமாணத்தில் வல்லவர் ஒருவர் இருக்கிறார், அவர் உன் சுமையை இறக்கிவிடுவார்' என்று வழி காட்டுகிறான். பயணி நம்பிச் செல்கிறான். வழியில் சீனாய் மலை அவன் தலைமேல் சரிவதுபோல் நிற்கிறது. அதன் அருகே வரவரச் சுமை முன்னைவிடக் கனக்கிறது. சட்டத்தின் அருகில் செல்லும்போதுதான் குற்றத்தின் கனம் தெரிகிறது என்பது கருத்து. ஒழுக்கமாக வாழ்ந்தால் கரையேறலாம் என்று நம்பும் நல்லவர்களுக்கு இதைவிடக் கசப்பான காட்சி இல்லை.

சுமை இறங்குவது சிலுவையின் அடியில். பயணி அதை அவிழ்ப்பதில்லை. அவன் பார்க்கிறான், அது தானாகக் கழன்று உருண்டு ஒரு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. பின்பு ஒளிமயமான மூவர் வருகின்றனர். ஒருவர் மன்னிப்புக் கூறுகிறார். ஒருவர் கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்துகிறார். ஒருவர் நெற்றியில் அடையாளமிட்டு முத்திரையிட்ட சுருள் ஒன்றைத் தருகிறார். இந்த ஆடை மாற்றம் ஒரு முழுக் கோட்பாடு. நீதிமானாக்கப்படுதல் என்று தமிழ் வேதாகமம் சொல்வது இதைத்தான். மனிதன் நல்லவனாக மாறிய பின் கடவுள் அவனை ஏற்கிறார் என்பதன்று இதன் பொருள். கிறிஸ்துவின் நீதி, அவனுடையதாக எண்ணப்பட்டு, ஆடைபோல் அவன்மேல் போர்த்தப்படுகிறது. உள்ளே இருப்பவன் இன்னும் பழைய ஆள்தான்.

அதனால்தான் கதை இங்கே முடிவதில்லை. சுமை தொடக்கத்திலேயே இறங்கிவிட்டதே, பிறகு ஏன் இத்தனை மலைகள், அரக்கர்கள், சிறைகள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. நீதிமானாக்கப்படுதல் ஒரு நொடியில் நிகழும் தீர்ப்பு. பரிசுத்தமாக்கப்படுதல் ஆயுள் முழுதும் நடக்கும் வேலை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது சீர்திருத்தக் காலம் தொட்டுப் புராட்டஸ்டாண்டு இறையியலின் பிடிவாதம். சிலுவையைக் கதையின் முடிவில் வைக்காமல் முன்பகுதியில் வைத்ததிலேயே அந்தப் பிடிவாதம் தெரிகிறது. இன்னும் முன்னாலேயே வைத்திருக்க வேண்டும், பயணியை முதலில் வாயிலுக்கு அனுப்பாமல் நேரே சிலுவைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று குறை கண்டவரும் உண்டு. அவர் இலண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன். பனியன் நூலை வாழ்நாளெல்லாம் போற்றியவரே அப்படிக் குறை சொன்னார் என்றால், கோட்பாட்டில் அவர்கள் எவ்வளவு கறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தலைவன் யார்?

இனி கிருஷ்ணபிள்ளையிடம் வருவோம். திருநெல்வேலிப் பகுதியில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் கிறித்தவத்தை அறிந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் கொண்டார். எச். ஏ. என்ற முன்னெழுத்துகள் அப்படி வந்தவை.

அவர் முன் ஓர் இலக்கணச் சிக்கல் இருந்தது. இதைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. தனக்கு ஒப்பில்லாத தலைவனைப் பெருங்காப்பியம் கொண்டிருக்க வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். கம்பனுக்கு இராமன் கிடைத்தான். கிருஷ்ணபிள்ளைக்குக் கிடைத்தவனோ சுமை தூக்கி அழுகிற பாவி. அவன் ஒப்பில்லாதவன் அல்லன் என்பதே அவனைப் பற்றிய கோட்பாடு. அவன் எல்லாரையும் போன்றவன், தன்னைத் தானே மீட்டுக்கொள்ள வலியற்றவன். வீரத்தாலோ கற்பாலோ கொடையாலோ அவன் வெல்வானானால் காப்பிய இலக்கணம் நிறைவேறும், ஆனால் சுவிசேஷம் பொய்த்துப் போகும்.

பனியனுக்கு இச்சிக்கல் இல்லை. அவர் காப்பியம் எழுதவில்லை. எளிய உரைநடையில் ஒரு கனவைச் சொன்னார். சிலுவைக் காட்சியைச் சில பத்திகளில் முடித்துவிட்டார். அவருடைய வாசகர்களுக்குச் சிலுவையில் நடந்தது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, ஞாயிறுதோறும் கேட்டிருப்பார்கள். தமிழில் அப்படி விட முடியாது. கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' என்ற பகுதியை அமைத்து, இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடினார். மூலநூலில் இல்லாத விரிவு இது. கதை தெரியாதவர்களுக்குக் கதை சொல்வதற்காகச் சேர்த்தார் என்று இதைப் பலர் விளக்குவர். அது உண்மைதான். ஆனால் அத்துடன் அவருடைய இலக்கணச் சிக்கலும் இங்கே தீர்கிறது. காப்பியத்தின் ஒப்பில்லாத தலைவன் பயணி அல்லன், பயணிக்குப் பதிலாக நிற்பவன். பயணி நடக்கிறான், தலைவன் முன்பே வென்றுவிட்டான். சிலுவை மையக் கோட்பாடு காப்பியத்தின் அமைப்பாகவே ஆகிவிட்டது. கிருஷ்ணபிள்ளையின் மிகப் பெரிய படைப்பு முடிவு இதுதான் என்பேன். மொழிபெயர்ப்பாளராக இருந்திருந்தால் இது அவருக்குத் தோன்றியிராது.

பெயரமைப்பிலும் ஒன்று காண்க. பருவம் என்ற பிரிவு வில்லிபாரதத்தை நினைவூட்டுவது. படலம் என்பது கம்பனுடையது. இரு காப்பிய மரபுகளையும் அவர் அறிந்தே பயன்படுத்தினார்.

பாசம் என்னும் சொல்

பாடநூலில் வந்த பகுதியின் முதற்பாட்டில் ஒரு நுட்பம் உள்ளது. இயேசு கயிற்றால் கட்டுண்டு ஓர் ஏழைபோல் ஒடுங்கி நிற்கிறார். புலவர் நம்மைப் பார்த்து, கயிறுதான் அவரைப் பிணித்ததாக நினைக்காதீர்கள் என்கிறார். பகைத்த மக்களுக்காக உருகும் நேசமே அவரைக் கட்டி நிறுத்தியிருக்கிறது. கயிறு என்பதற்கு அவர் ஆளும் சொல் 'பாசம்'. அச்சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள், அன்பு என்றும் பொருள். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு உயிரைப் பிணிக்கும் மலமும் நினைவுக்கு வரும். உயிர்களைக் கட்டியிருக்கும் பாசம் இங்கே இறைமகனைக் கட்டுகிறது. வேறு எந்த மொழியிலும் இந்தப் பாட்டை எழுதியிருக்க இயலாது.

இப்போது கோட்பாட்டுக் கேள்வி. இயேசு ஏன் இறந்தார் என்பதற்குக் கிறித்தவ வரலாற்றில் ஒரே விடை இல்லை. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், கடவுளின் மாண்புக்கு மனிதன் இழைத்த குறையை ஈடுசெய்யவே என்றார். அவருக்குச் சற்றுப் பின் வந்த அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித உள்ளத்தை உருக்கித் திருப்புகிறது என்பதை முன்னிறுத்தினார். சீர்திருத்தவாதிகளும் அவர்கள் வழிவந்த சுவிசேஷக் கிறித்தவர்களும் பதிலாள் கோட்பாட்டைப் பற்றிக்கொண்டனர். நமக்கு வர வேண்டிய தண்டனையை அவர் நம் இடத்தில் நின்று ஏற்றார் என்பது அது. பொறுமையைக் கற்பிக்கும் நீதிக்கதையாகப் பாடுகளைப் படிக்கும் நம் வகுப்பறை விடை, அபெலார்டின் பக்கம் சாய்கிறது எனலாம்.

கிருஷ்ணபிள்ளை எந்தப் பக்கம்? கொள்கையில் ஐயமில்லை, அவர் பதிலாள் கோட்பாட்டினர். 'இரட்சணியம்' என்ற தலைப்பே அதற்குச் சான்று. ஆனால் பாட்டில் நீதிமன்றத்தின் குரலைவிட நேசத்தின் குரலே ஓங்குகிறது. உருகுதல், பாசம், நேசம் ஆகியவை பக்தி இலக்கியத்தின் சொற்கள். அவற்றைக் கையில் எடுத்த எவரையும் அவை தம் பக்கம் இழுத்துவிடும். கோட்பாடு மாறவில்லை, கனம் இடம் மாறியிருக்கிறது. இதைக் கோட்பாட்டுப் பிழையாகக் காண்போர் இருக்கலாம். நான் அதைக் குறையாகக் கருதவில்லை. கடன் தீர்ந்தது என்று கணக்கனும் சொல்லலாம். எவர் தீர்த்தார், எதை இழந்து தீர்த்தார் என்று பாடப் புலவன் வேண்டும்.

வைணவத்திலிருந்து வந்தது என்ன?

கிருஷ்ணபிள்ளையின் வைணவப் பின்னணியே அவரை அருள் கோட்பாட்டுக்கு ஆயத்தம் செய்தது என்று சிலர் எழுதுவர். இதில் நியாயம் உண்டு. தாய்ப் பூனை குட்டியைக் கவ்விச் செல்கிறது, குட்டி எதுவும் செய்வதில்லை என்று தென்கலையார் கூறும் உவமை, கிருபையினால் மட்டுமே மீட்பு என்ற சுவிசேஷக் கருத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி வடகலையாரின் உவமை. ஐரோப்பிய அறிஞர்களே இவ்வொப்புமையைக் கண்டு வியந்திருக்கின்றனர்.

ஆனால் ஒற்றுமையை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. இரண்டிலும் அருள் இலவசம். வேறுபாடு, விலையில். திருமகள் அடியாருக்காகப் பரிந்து பேச, திருமால் குற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறார். சுவிசேஷ விசுவாசத்தில் கடவுள் குற்றத்தைப் பொறுத்துவிட்டுவிட முடியாது. எவராவது அதற்குரிய தண்டனையை ஏற்றாக வேண்டும். நமக்கு இலவசம் என்பதாலேயே அவருக்கு இலவசமன்று. மேலும், அந்த மரணம் வரலாற்றில் ஒரே முறை நிகழ்ந்தது என்பதும் அங்கே வலியுறுத்தப்படுகிறது. இந்த இரண்டும் இல்லாமல் பார்த்தால் இரட்சணிய சரிதப் படலம் ஏன் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது புரியாது.

குறைகள்

குறையே இல்லாத காப்பியம் என்று சொல்ல மாட்டேன். கோட்பாட்டை உரையாடலாக விளக்கும் இடங்களில் நடை தொய்கிறது. இது பனியனிடமும் உள்ள குறைதான். ஆனால் பனியனின் பாத்திரங்கள் சந்தைத் தெருவின் பேச்சில் வாதாடுவதால் தப்பித்துக்கொள்கின்றன. விருத்தத்தில் உபதேசம் செய்தால் தப்பிக்க வழியில்லை. வடசொற்களின் நெருக்கமும் இன்றைய மாணவருக்குத் தடை. தேர்ந்த ஓசையும் கம்பன் சாயலும் உள்ள பாட்டு ஒன்று வரும். அதன் பின்னே பத்துப் பாட்டுகள் பாடம் நடத்தும். 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டமும் அவருக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது. கம்பனோடு ஒப்பிட வைத்து, கம்பனிடம் இல்லாத ஒன்றை அவர் செய்திருக்கிறார் என்பதை மறைத்துவிட்டது. இராமன் காடு செல்லும்போது நாம் அயோத்தி மக்களோடு நின்று அழுகிறோம். இயேசு கட்டுண்டு நிற்கும்போதோ, கட்டியவர்களோடு சேர்த்து நம்மையும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது இக்காப்பியத்தின் கோட்பாடு.

இடையிடையே வரும் தேவாரப் பாடல்கள் வேறு தரத்தில் உள்ளவை. அங்கே விளக்கம் இல்லை, வேண்டுதல் மட்டுமே. பாவம், கிருபை, மன்னிப்பு என்னும் கருத்துகள் தன்மை இடத்தில் பேசும்போது உயிர் பெறுகின்றன. மனந்திரும்புதல் தனி மனிதனின் அனுபவம் என்ற சுவிசேஷக் கோட்பாட்டுக்கும், நான் என்று தொடங்கிப் பாடும் நம் பக்தி மரபுக்கும் இயல்பான உறவு உண்டு. அதைக் கிருஷ்ணபிள்ளை கண்டுகொண்டார்.

வகுப்பறையில்

பொதுப்பள்ளியில் ஒரு சமயத்தின் கோட்பாட்டை விளக்கலாமா என்று தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. அதனால்தான் இப்பாடம் பொறுமையைப் பற்றிய பாடமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் மணிமேகலை நடத்தும்போது பௌத்தத்தின் சார்புக் கொள்கையைச் சொல்கிறோம். திருவாசகத்துக்கு மும்மலம் சொல்கிறோம். சீவக சிந்தாமணிக்குச் சமணத் துறவு சொல்கிறோம். சொல்பவர் பௌத்தராகவோ சமணராகவோ இருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. விளக்குவது வேறு, மதம் பரப்புவது வேறு. கோட்பாட்டை மறைத்து நீதியை மட்டும் எடுத்துக்கொடுப்பது மரியாதைபோல் தோன்றும். உண்மையில் அது அந்தப் புலவர் பல ஆண்டுகள் உழைத்துச் சொன்ன செய்தியைக் கேட்க மறுப்பதாகும்.

பனியனின் கடைசிப் பக்கத்தில் வரும் அறியாமை என்னும் இளைஞனை மாணவர்களுக்குச் சொல்லிப் பார்க்கலாம். அவன் கெட்டவன் அல்லன். கடன் வைக்காதவன், வேண்டுதல் செய்பவன், தானம் கொடுப்பவன். கிறிஸ்துவையும் நம்புகிறான், ஆனால் தன் நற்செயல்களைக் கடவுள் ஏற்கும்படி செய்பவராக மட்டும் அவரை நம்புகிறான். குறுக்கு வழியாக நடந்து, ஆற்றையும் எளிதாகக் கடந்து, வான நகரத்தின் வாசல்வரை வந்துவிடுகிறான். சுருள் எங்கே என்று கேட்கிறார்கள். மார்பில் தேடிப் பார்க்கிறான், இல்லை. கைகால் கட்டி அவனை வெளியே கொண்டு போகிறார்கள். இது நியாயமா என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்பார்கள். அந்த மறுப்பை அவர்கள் வாயாலேயே விளக்கச் சொல்லி, பிறகு இரட்சணிய சரிதப் படலத்தைத் திறக்கலாம்.